நான்கு ஊசி, ஒரு போர்டு: கியூப்சாட் பிளாஸ்மா அளவி ஒன்றைச் சோதித்துப் பார்த்ததில்

போர்டு நல்ல போர்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே நிறையக் குறை சொல்லப் போகிறேன், அதைப் படித்துவிட்டு வாங்கவே கூடாத சாமான் என்று யாரும் முடிவுகட்டிவிட வேண்டாம்.

கருவி இதுதான்: கியூப்சாட்டுக்குள், அதாவது 10 செ.மீ. கனசதுர அலகுகளால் ஆன சிறு செயற்கைக்கோளுக்குள், அடுக்குகிற பிசி/104 என்ற வழக்கமான அளவிலான போர்டு ஒன்று. அதிலிருந்து நான்கு மெல்லிய கேபிள்கள். ஒவ்வொன்றின் முனையிலும் மடங்கி விரிகிற 15 செ.மீ. கை (பூம்), அந்தப் பூமின் நுனியில் ஓர் ஊசி. மின்சாரச் செலவு 2 வாட்டுக்குள். எங்கள் குழு இதை ஒரு 3யூ (மூன்று அலகு) செயற்கைக்கோளில் வைப்பதற்காக வாங்கியது. சோதித்து இணைத்துக் கொடுக்கும் வேலை என்னுடையது. விற்ற நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. நான் சொல்லும் குறைகளில் பாதி, இந்த வகையில் ஆயத்தமாகக் கிடைக்கிற எந்தக் கருவியிலும் இருக்கக்கூடியவைதான். இது இன்னும் விண்ணுக்குப் போகவில்லை. மேசையிலும் பிளாஸ்மா சேம்பரிலும் பார்த்ததை வைத்து எழுதுகிறேன்.

இந்தத் துறைக்குப் புதியவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. எலெக்ட்ரானும் அயனியும் பிரிந்து கிடக்கும் வாயுவான பிளாஸ்மாவுக்குள் ஓர் உலோகக் கம்பியை நீட்டி, அதற்கு மின்னழுத்தம் கொடுத்து, எவ்வளவு மின்னோட்டம் வருகிறது என்று பார்ப்பதுதான் லாங்மியூர் புரோப். மாட்-ஸ்மித்தும் லாங்மியூரும் 1926-இல் எழுதிய கோட்பாட்டில்தான் இன்றைக்கும் எல்லோரும் நிற்கிறோம். கம்பி போதுமான அளவு மெல்லியதாக இருந்தால், அது இழுக்கும் எலெக்ட்ரான் மின்னோட்டத்தின் வர்க்கம் மின்னழுத்தத்தோடு நேர்கோட்டில் ஏறும். அந்தக் கோட்டின் சரிவே எலெக்ட்ரான் அடர்த்தியைச் சொல்லிவிடும், வெப்பநிலை தெரிய வேண்டியதில்லை. ஓஸ்லோ பல்கலைக்கழகக் குழு இதைப் பிடித்துக்கொண்டு, வெவ்வேறு மின்னழுத்தத்தில் நிலையாக நிற்கும் பல ஊசிகளை 2008-இல் ஐசிஐ-2 ராக்கெட்டில் பறக்கவிட்டது. 2017-இல் கியூபி50 திட்டத்தின் கியூப்சாட்கள் சிலவற்றிலும் அதே வகைக் கருவி போனது. எங்கள் கையில் இருப்பதும் அந்த வம்சம்தான். ஊசியின் அளவுகூட அதேதான்: 0.51 மி.மீ. விட்டம், 25 மி.மீ. நீளம்.

"போதுமான அளவு மெல்லியது" என்றால் எவ்வளவு? அதை டெபை நீளத்தோடு, அதாவது ஒரு மின்னூட்டத்தின் பாதிப்பைப் பிளாஸ்மா மறைத்துவிடும் தூரத்தோடு, ஒப்பிட வேண்டும். அயனிமண்டலத்தில் கன மீட்டருக்கு 10,000 கோடி எலெக்ட்ரான், வெப்பநிலை 2,000 கெல்வின் என்று வைத்துக்கொண்டால் டெபை நீளம் ஏறக்குறைய 1 செ.மீ. அரை மில்லிமீட்டர் ஊசி அதற்குள் ஒரு மூலையில் அடங்கிவிடும். இதே ஊசியை +5 வோல்ட்டில் வைத்தால் கோட்பாட்டின்படி வருவது சுமார் 270 நானோ ஆம்பியர். இந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

பெட்டியைத் திறந்ததும் என்னைக் கவர்ந்தது கார்டு (guard), அதாவது காவல் உறை. ஊசிக்குப் பின்னால், பூமோடு சேரும் இடத்தில், ஊசியின் அதே மின்னழுத்தத்தில் நிற்கும் ஒரு சிறு உலோகக் குழல் இருக்கிறது. ஊசியின் அடிமுனையில் மின்புலம் கோணலாகாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. இது எல்லோரும் செய்வதுதான். ஆனால் இவர்கள் அந்தக் கார்டை அங்கேயே விட்டுவிடவில்லை. கேபிளின் உள்ளுறையாக, கனெக்டரின் சுற்றுப் பின்களாக, போர்டில் ஆம்ப்ளிஃபயரின் உள்ளீட்டுக் காலைச் சுற்றி ஒரு செம்பு வளையமாக, கடைசிவரை கொண்டுபோயிருக்கிறார்கள். அந்த வளையத்தின் மேல் பச்சை மாஸ்க்கைக்கூட நீக்கியிருக்கிறார்கள். பூதக்கண்ணாடியில் பார்த்தபோது சால்டர் ஃபிளக்ஸின் மிச்சம் ஒரு பொட்டுகூட இல்லை. இதையெல்லாம் யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை. ஆனால் நானோ ஆம்பியர் அளக்கிற போர்டில் வேலை தெரிந்தவர் உட்கார்ந்திருக்கிறாரா என்பது இங்கேதான் தெரியும். 5 வோல்ட்டுக்கும் உள்ளீட்டுக்கும் நடுவே அழுக்கு 10 கிகா ஓம் பாதை போட்டுக் கொடுத்தாலே அரை நானோ ஆம்பியர் கசிந்துவிடும்.

அதைச் சோதித்தும் பார்த்தேன். ஊசிக்குப் பதிலாக 10 கிகா ஓம் ரெசிஸ்டர் மாட்டி, காற்றில் ஈரப்பதம் அதிகமாக இருந்த ஒரு நாளிலும் வெற்றிடத்திலும் அளந்தேன். இரண்டு அளவீடுகளுக்கும் நடுவே வித்தியாசம் ஒரு படிக்குள்தான். சபாஷ்.

இனி அந்தப் படிக்கு வருவோம். டேட்டாஷீட்டின் முதல் பக்கத்தில் "16 பிட்" என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள். சரி. எந்த வீச்சில்? அது உள்ளே ஓர் அட்டவணையில் இருக்கிறது: கூட்டல் கழித்தல் 10 மைக்ரோ ஆம்பியர், ஒரே வீச்சு. மொத்தம் 20 மைக்ரோ ஆம்பியரை 65,536 படிகளாக வெட்டினால் ஒரு படி 0.3 நானோ ஆம்பியர். எலெக்ட்ரான் பக்கம் இது தாராளம். 270 நானோ ஆம்பியர் என்றால் கிட்டத்தட்ட 900 படி.

அயனிப் பக்கம் போனால்தான் சிக்கல். செயற்கைக்கோள் விநாடிக்கு சுமார் 7.6 கி.மீ. வேகத்தில் போகிறது. ஊசியின் நிழல் பரப்பில் மோதும் ஆக்சிஜன் அயனிகள் தருவது, அதே அடர்த்தியில், 1.5 நானோ ஆம்பியர். ஐந்தே படி. அடர்த்தி பத்தில் ஒன்றாகக் குறையும் இரவுப் பக்கத்தில் அரைப் படி. அதாவது ஒன்றும் தெரியாது. லாரி எடைமேடையில் மோதிரத்தை நிறுக்கிற கதைதான். ஆனால் அதே டேட்டாஷீட் "அயனி அடர்த்தியும் அளக்கலாம்" என்கிறது. வீச்சை இரண்டாகப் பிரித்து, சிறிய மின்னோட்டத்துக்குத் தனிப் பெருக்கம் வைத்திருந்தால் போர்டில் இன்னும் ஓரிரண்டு சிப் கூடியிருக்கும், அவ்வளவுதான். இடமும் இருக்கிறது, நான் பார்த்தேன்.

இதை வைத்தே இன்னொரு வரியையும் கேலி செய்யலாம். "நிலவுப் பயணங்களுக்கும் ஏற்றது" என்று எழுதியிருக்கிறார்கள். 2023-இல் சந்திரயான்-3இன் விக்ரம் லேண்டரில் போன ரம்பா என்ற லாங்மியூர் புரோப், நிலவின் தென்துருவப் பகுதியில் தரையை ஒட்டி அளந்தது கன மீட்டருக்கு 50 லட்சம் முதல் 3 கோடி வரையான எலெக்ட்ரான். நமது அயனிமண்டலக் கணக்கைவிட மூவாயிரம் முதல் இருபதாயிரம் மடங்கு குறைவு. அதனால்தான் அவர்கள் ஊசி வைக்காமல், 5 செ.மீ. கோளம் ஒன்றை ஒரு மீட்டர் பூமின் நுனியில் வைத்து, பிக்கோ ஆம்பியர் வரை இறங்கும் மின்னணுவியலைப் பின்னால் நிறுத்தினார்கள். இந்த ஊசியும் இந்தப் படியும் அங்கே போனால் பூஜ்யத்தைத்தான் திருப்பித் திருப்பி அனுப்பும்.

ஸ்வீப் முறை பற்றிச் சுருக்கமாக. மின்னழுத்தத்தைக் கழித்தல் 10-இலிருந்து கூட்டல் 10 வரை 256 படிகளில் ஏற்றுகிறது. ஒரு படி 0.08 வோல்ட். எலெக்ட்ரான் வெப்பநிலை கிடைப்பது மின்னோட்டம் மடமடவென்று ஏறுகிற அந்தச் சின்ன இடத்திலிருந்து. 2,000 கெல்வின் என்றால் 0.17 வோல்ட்டுக்கு ஒருமுறை மின்னோட்டம் 2.7 மடங்காகும். இரண்டு புள்ளி கிடைக்கும். 1,000 கெல்வினுக்கு ஒன்றுதான். இரண்டு முனைகளிலும் நூற்றுக்கணக்கான புள்ளிகளை வீணடித்துவிட்டு, வேண்டிய இடத்தில் ஒன்றோ இரண்டோ. சும்மா ஃபர்ம்வேர் வேலை இது. நடுவில் நெருக்கமாகவும் ஓரத்தில் அகலமாகவும் படி வைக்க ஓர் அட்டவணையை ஏற்றிக்கொள்ள விட்டிருக்கலாம்.

இதுவரை சொன்னதெல்லாம் சில்லறைக் குறைகள். எனக்குப் பெரிய மனத்தாங்கல் வேறொன்று. இந்தக் கருவியை விற்கிற விதமே அது தனியாக நிற்கிற பொருள் என்பது போல இருக்கிறது. அது தனியாக நிற்காது. ஊசி எலெக்ட்ரானை உறிஞ்சினால், அந்த எலெக்ட்ரான் போர்டு வழியாகச் செயற்கைக்கோளின் உடலுக்கு வந்து, அங்கிருந்து எப்படியாவது பிளாஸ்மாவுக்குத் திரும்ப வேண்டும். ஆய்வகத்தில் பூமியோடு இணைத்த கம்பி இருக்கிறது, கவலையில்லை. மேலே என்ன இருக்கிறது? செயற்கைக்கோளின் உடல், அதன் மேல் வந்து மோதும் அயனிகள், அவ்வளவே.

கணக்கைப் பார்ப்போம். 3யூ செயற்கைக்கோள் தன் சின்ன முகத்தை, அதாவது 10-க்கு 10 செ.மீ. முகத்தை, முன்னால் காட்டிக்கொண்டு பறக்கிறது. அதில் மோதும் அயனிகள் தருவது, நாம் எடுத்துக்கொண்ட அடர்த்தியில், 1.2 மைக்ரோ ஆம்பியர். நான்கு ஊசிகளை 3, 4, 5, 6 வோல்ட்டில் வைத்தால் அவை நான்கும் சேர்ந்து இழுப்பது கிட்டத்தட்ட 1 மைக்ரோ ஆம்பியர். வரவும் செலவும் ஏறக்குறைய சமம்! இன்னும் உடல் தானாக வாங்கிக்கொள்ளும் எலெக்ட்ரானைக் கணக்கில் சேர்க்கவில்லை. அடர்த்தி கூடினாலும் குறைந்தாலும் இரண்டு பக்கமும் ஒன்றாகவே மாறும் என்பதால், "அடர்த்தி அதிகமான இடத்தில் சரியாகிவிடும்" என்ற சமாதானமும் கிடையாது. சரிக்கட்ட உடல் எதிர்மின்னழுத்தத்துக்கு இறங்கும்.

அந்த முகமாவது முழுக்க உலோகமா? கியூப்சாட் விதிப்படி தண்டவாளங்கள் (ஏவும் பெட்டிக்குள் வழுக்கும் நான்கு விளிம்புகள்) ஹார்டு அனடைஸ் செய்த அலுமினியமாக இருக்க வேண்டும். அந்தப் படலம் மின்கடத்தாப் பொருள். சூரியத் தகடுகளின் மேல் கண்ணாடி, அதுவும் கடத்தாது. ஆன்டெனாப் பெட்டியின் மூடி பெரும்பாலும் பிளாஸ்டிக். இப்படிக் கழித்துக்கொண்டே போனால் அயனியை வாங்கும் வெற்று உலோகம் ஒரு தீப்பெட்டி அளவுக்கு நின்றுவிடும். போதாக்குறைக்கு சூரியத் தகடுகளின் நேர்மின் இணைப்புகள் வெளியே தெரிந்தால், அவையும் எலெக்ட்ரானைக் குடித்து உடலை இன்னும் கீழே தள்ளும்.

நியாயமாகச் சொன்னால், பல ஊசி முறை இதைக் கொஞ்சம் மன்னிக்கும். ஊசிகளுக்கு நடுவிலான வித்தியாசம்தான் அதற்கு வேண்டும், உடல் எங்கே மிதக்கிறது என்பது அவ்வளவு முக்கியமில்லை. ஆனால் உடல் கழித்தல் 4 வோல்ட்டுக்குப் போய்விட்டால் 3 வோல்ட் ஊசி உண்மையில் கழித்தல் 1-இல் நிற்கும். அது எலெக்ட்ரானை இழுக்காது, தள்ளும். வர்க்கம், நேர்கோடு எல்லாம் அதோடு போச்சு.

சேம்பரில் இதைக் கண்ணால் பார்த்தோம். செயற்கைக்கோளின் வெளி உருவத்தை அலுமினியத்தில் செய்து உள்ளே தொங்கவிட்டிருந்தோம். முதலில் உருவத்தைச் சேம்பர் சுவரோடு இணைத்து ஓட்டினோம். நான்கு புள்ளிகளும் கோடு போட்டாற்போல் உட்கார்ந்தன; நிறுவனத்தின் கையேட்டில் இருக்கும் படமும் அப்படியேதான். பிறகு அந்த இணைப்பைக் கழற்றி உருவத்தை மிதக்கவிட்டோம். ஓர் ஊசியை இயக்கினோம், பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டாவது, மூன்றாவது என்று ஒவ்வொன்றாக இயக்கும்போது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஊசிகளில் மின்னோட்டம் படிப்படியாக இறங்கியது. நான்காவதை இயக்கியதும் 3 வோல்ட் ஊசி மற்ற மூன்றின் கோட்டிலிருந்து தனியே விழுந்தது. பிளாஸ்மாவை யாரும் தொடவில்லை. சேம்பர் பிளாஸ்மா, விண்ணில் எதிர்கொள்ளும் வேகமான அயனி ஓட்டம் போல இருக்காது என்பது தெரிந்ததே. ஆனாலும் எந்தத் திசையில் தவறு வரும் என்பதில் சந்தேகம் இல்லை.

கையேட்டில் இதுபற்றி எவ்வளவு இருக்கிறது என்று தேடினேன். "விண்கலத்தின் கடத்தும் பரப்பு போதுமானதாக இருப்பதை உறுதிசெய்க." ஒரே வரி. போதுமானது என்றால் எவ்வளவு? அதற்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கக் கூடாதா?

தீர்வு தெரியாத பிரச்சினையும் இல்லை இது. 2020-இல் ஏவப்பட்ட பிகாசோ என்ற 3யூ கியூப்சாட்டில் நான்கு புரோப்களை விரியும் சூரியத் தகடுகளின் நுனியில் வைத்தார்கள். ஒரு புரோப் ஸ்வீப் செய்யும் நேரத்திலேயே இன்னொன்று மின்னோட்டம் எடுக்காமல் மிதந்து நிற்கும் மின்னழுத்தத்தை (மிதப்பு மின்னழுத்தம்) அளக்கும். உடல் எவ்வளவு நகர்ந்தது என்பது அதில் தெரிந்துவிடும், கணக்கில் கழித்துக்கொள்ளலாம். எங்கள் போர்டிலும் நான்கு தனித்தனிச் சேனல்கள் இருக்கின்றன. ஒன்றை மின்னோட்டம் எடுக்காத மின்னழுத்தமானியாக மாற்றும் வழி மட்டும் இல்லை. நாங்கள் கடைசியில் வேறு வழிக்குப் போனோம்: முன்முகத்தின் தகட்டை அனடைஸ் செய்யாமல் மின்சாரம் கடத்தும் குரோமேட் பூச்சோடு விட்டோம், வெளியே தெரியும் சர்க்யூட் போர்டுகளின் காலி இடத்தையெல்லாம் தங்கமுலாம் செம்பாக்கி உடலோடு இணைத்தோம், ஊசிகளின் மின்னழுத்தத்தை மேலே ஏற்றினோம். வெப்பக் கணக்குப் பார்ப்பவருக்கு என் மேல் கோபம், தங்கம் சூடாகும் என்று. அது தனிக் கதை.

பூம் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நைலான் நூலைச் சுட்டு விடுவிக்கும் முறை, குளிரிலும் சூட்டிலும் சரியாக விரிந்தது. 15 செ.மீ. நீளம் பகலில் போதும். அடர்த்தி பத்தில் ஒன்றாகும் இரவில் டெபை நீளம் 3 செ.மீ. ஆகிவிடும், ஊசி, உடலைச் சூழ்ந்து பிளாஸ்மா கலைந்திருக்கும் உறைக்கு ரொம்பப் பக்கத்தில் நிற்கும். இன்னொரு சாண் இருந்திருந்தால் நிம்மதியாகத் தூங்குவேன்.

நிலை மின்னழுத்த முறையில் வேகம்தான் இந்தக் கருவியின் அழகு. விநாடிக்கு 1,000 அளவீடு என்றால் 7.6 மீட்டருக்கு ஒன்று. ஒரு விநாடி எடுக்கும் ஸ்வீப்பில் அதே செயற்கைக்கோள் 7.6 கி.மீ. கடந்துவிடும். பூமத்தியரேகைப் பகுதியில் மாலைக்குப் பின் எழுந்து ஜிபிஎஸ் சிக்னலைக் கலக்கும் பிளாஸ்மா குமிழிகளின் விளிம்பைப் பார்க்க வேண்டுமென்றால் இந்த வேகம் தேவை. ஆனால் கீழே கொண்டுவருவது யார்? நான்கு சேனல், 16 பிட், 1,000 முறை: விநாடிக்கு 64 கிலோபிட். எங்களுக்கு இருப்பது 9,600 பிட் ரேடியோ. பத்து நிமிடம் தலைக்கு மேல் முழுசாகக் கிடைத்தாலும் இறங்குவது 90 விநாடித் தரவு. நிறுவனம் இதை யோசித்திருக்கிறது. வழக்கமான நேரத்தில் சராசரியை மட்டும் சேமித்து, மின்னோட்டம் திடீரென்று ஆடத் தொடங்கினால் முழு வேகத் தரவைப் பிடித்து வைக்கும் முறை ஒன்று ஃபர்ம்வேரில் இருக்கிறது. ஆட்டத்துக்கு முந்தைய சில விநாடிகளையும் சேர்த்து வைக்கிறது. இதை எழுதியவருக்கு ஒரு கும்பிடு.

கடைசியாக ஊசியின் மேற்பரப்பு. ஊசிகளுக்குத் தங்கமுலாம் பூசியிருக்கிறார்கள், கையுறை போடாமல் தொடாதீர்கள் என்று சிவப்பு அட்டையும் உண்டு. காரணம் இருக்கிறது. மேலே மெல்லிய அழுக்குப் படலம் இருந்தால் ஸ்வீப் ஏறும்போது ஒரு வளைவும் இறங்கும்போது வேறொரு வளைவும் வரும், வெப்பநிலை உள்ளதைவிட அதிகமாகத் தெரியும். ஐரோப்பாவின் ஸ்வார்ம் செயற்கைக்கோள்களில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு கோளங்கள் வைத்து, ஒன்றுக்குத் தங்கமும் மற்றதற்கு டைட்டானியம் நைட்ரைடும் பூசினார்கள். எங்களுக்கு வந்த ஃபர்ம்வேரில் ஸ்வீப் ஏறுமுகம் மட்டும்தான். இறங்குமுகம் இல்லாமல் ஊசி சுத்தமா அழுக்கா என்று எப்படித் தெரியும் என்று கேட்டு எழுதினேன். பதில் வந்தது, அதுவும் விற்பனைப் பிரிவிலிருந்து இல்லை, போர்டை வடிவமைத்தவரிடமிருந்தே. அடுத்த ஃபர்ம்வேரில் இருமுக ஸ்வீப் சேர்ந்தது. படி அட்டவணையைப் பற்றிக் கேட்டதற்கும் ஆகட்டும் என்றார். இரண்டாவது வீச்சுக்கு மட்டும் போர்டையே மாற்ற வேண்டும், இப்போதைக்கு முடியாது என்று நேராகச் சொல்லிவிட்டார். மிதப்பு மின்னழுத்தச் சேனல் பற்றிய கேள்விக்கு இன்னும் பதில் இல்லை.

வாங்குகிறவர்கள் ஆர்டர் கொடுக்கும் முன்பே செயற்கைக்கோளின் வெளிப்பரப்பு வரைபடத்தை எடுத்து, எது கடத்தும், எது கடத்தாது, எது பறக்கும் திசையைப் பார்க்கும் என்று நிறம் தீட்டிப் பாருங்கள். முன்முகத்தில் கிடைக்கும் வெற்று உலோகத்தின் பரப்பைச் சதுர மீட்டரில் எடுத்து, அடர்த்தி, வேகம், எலெக்ட்ரான் மின்னூட்டம் மூன்றாலும் பெருக்கினால் வரவு கிடைக்கும். ஊசிகளின் செலவைப் போல அது சில மடங்காவது இல்லையென்றால் இரண்டு ஊசிகளோடு வருகிற மாடலைக் கேளுங்கள். அதுவும் விற்கிறார்கள், ஆனால் பட்டியலில் முன்னால் வைப்பதில்லை.